குழாய்க்கு வெளியே ஐந்து நாட்கள்

கலியாணம் முடிந்து வருடம் ஒன்று ஆவதற்குள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயங்களில் கேள்வி தொடங்கிவிடும். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்பார்கள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்பார்கள், மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் கேட்பார்கள். "என்னா புள்ள, விசேஷம் ஒன்னும் இல்லியா?" கேட்கப்படுபவள் எப்போதும் பெண்தான். அவள் புருஷனிடம் அப்படி யாரும் கேட்டு நான் அறியேன். இந்த அத்தியாயம் ஐ.வீ.எஃப். என்னும் செயற்கைக் கருத்தரிப்பைப் பற்றியது. ஆனால் அந்த ஒருபக்கக் கேள்வியை முதலில் சரிசெய்யாமல் ஐ.வீ.எஃப். பற்றிப் பேசுவதில் பயனில்லை.

வைத்தியத்துக்கும் ஒரு வருடக் கணக்கு உண்டு. கருத்தடை எதுவும் இல்லாமல் பன்னிரண்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லையென்றால் காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டும். பெண்ணுக்கு வயது 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். நூறு சோடிகளில் எண்பதுக்கு மேற்பட்டோருக்கு முதல் வருடத்திலேயே கரு தங்கிவிடுகிறது. மீதிப் பேரில் ஒரு பகுதியினருக்கு இரண்டாம் வருடத்தில் தங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது பிள்ளைப்பேறின்மையைச் சந்திக்கிறார். பணக்கார நாடுகளிலும் ஏழை நாடுகளிலும் இந்த அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வைத்தியம் கிடைப்பதில்தான் வித்தியாசம்.

"சேர்ந்து வாழ்ந்து" என்ற நிபந்தனையை மலையகத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் இந்தத் தோட்டங்களில் இளம் ஆண்கள் பலர் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்கள். பெண்கள் சிலர் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை, சில வீடுகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும், கணவன் வீட்டுக்கு வருகிறான். சூலகத்திலிருந்து வெளிவரும் முட்டை ஒரு நாளுக்குள் உயிரிழந்துவிடும். விந்தணு பெண்ணுடலுக்குள் மூன்று முதல் ஐந்து நாட்கள் தாங்கும். ஆகவே ஒரு மாதத்தில் கரு தங்கக்கூடிய நாட்கள் ஆறுக்கு மேல் இல்லை. மாதவிடாய் ஒழுங்காக 28 நாளுக்கு ஒருமுறை வரும் பெண்ணுக்கு அவை பத்தாம் நாளையொட்டித் தொடங்கிப் பதினைந்தாம் நாளுக்குள் முடிந்துவிடும். கொழும்பு பஸ் அந்த நாட்களைத் தவறவிட்டால், உடலில் ஒரு குறையும் இல்லாத சோடிக்குக்கூட வருடங்கள் வீணாகிப் போகும். தொடர்ந்து ஒரே கூரையின் கீழ் வாழாத வருடத்தை வைத்தியக் கணக்கில் சேர்க்க முடியாது.

சேர்ந்தே வாழ்ந்தும் கரு தங்கவில்லையென்றால் முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியவர் யார்? இருவரும். ஆனால் செலவும் வலியும் குறைந்த பரிசோதனை ஆணுடையது. பிள்ளையில்லாத சோடிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது, தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ. விந்தை ஒரு சிறு போத்தலில் கொடுத்தால் நுண்நோக்கியின் கீழ் வைத்து எண்ணிச் சொல்லிவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிலீற்றரில் 160 இலட்சம் விந்தணுக்களும், அவற்றில் நூற்றுக்கு 42க்குக் குறையாமல் அசைவும் இருப்பது கீழெல்லை. அதற்குக் கீழே போனாலும் பிள்ளை பிறக்காது என்று பொருளில்லை, வாய்ப்புக் குறைகிறது. மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், வழியில் குளிரக்கூடாது. தோட்டத்து வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பதைவிட ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பது நல்லது. டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்து போயிருந்தால் எண்ணிக்கை தற்காலிகமாக விழும். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் எடுப்பதால், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். வாலிப வயதில் வந்த கூகைக்கட்டு, விதைப்பையில் நரம்பு புடைத்திருப்பது, சிகரெட், கசிப்பு எல்லாமே இந்த எண்ணிக்கையில் தெரியவரும்.

இவ்வளவு எளிய பரிசோதனையைத் தவிர்ப்பதற்காக எத்தனை பெண்கள் எத்தனை வருடம் மருந்து குடித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. கதிர்காமத்துக்கு நடந்து போய் நேர்த்தி வைக்கிறவர்கள் வைக்கட்டும், கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிறவர்கள் கட்டட்டும். அது அவர்கள் நம்பிக்கை. அதே காலால் பதுளை டவுனுக்கும் ஒருமுறை போக வேண்டும், கணவனும் மனைவியுமாக.

பெண் பக்கத்தில் தேடப்படுபவை முக்கியமாக மூன்று. சூலகம் மாதந்தோறும் முட்டையை வெளிவிடுகிறதா, கருப்பை சரியாக இருக்கிறதா, இரண்டையும் இணைக்கும் பலோப்பியன் குழாய்கள் திறந்திருக்கின்றனவா? முட்டை வெளிவராததற்குத் தைரொயிட் கோளாறோ, சூலகத்தில் பல நீர்க்கட்டிகள் தோன்றும் நிலையோ காரணமாக இருக்கலாம். அவற்றுக்கு மாத்திரைகளே பெரும்பாலும் போதும். லெற்றோசோல் என்ற மலிவான மாத்திரையால் கரு தங்கிய பெண்கள் ஏராளம். பிள்ளைப்பேறின்மை என்றதும் ஐ.வீ.எஃப். என்று ஓடத் தேவையில்லை. பெரும்பாலோருக்கு அதற்கு முந்திய படிகளிலேயே தீர்வு கிடைத்துவிடும்.

குழாய் அடைபட்டிருந்தால் கதை வேறு. பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளமான அந்தக் குழாய்க்குள்தான் முட்டையும் விந்தணுவும் சந்திக்கின்றன. சந்தித்த பின் உருவாகும் முளையம் மூன்று நான்கு நாட்கள் அதற்குள்ளேயே பிரிந்து பிரிந்து வளர்ந்து, பிறகு கருப்பைக்குள் இறங்கி, ஆறாம் ஏழாம் நாளில் அதன் சுவரில் பதிகிறது. கிருமித் தொற்றோ, இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோயோ குழாயை மூடிவிடலாம். தென்னாசியாவில் காசநோய் இதற்கு ஒரு முக்கியமான காரணம். இருமலே இல்லாமல், நோயாளிக்கே தெரியாமல் அது குழாயைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும். அடைப்பு இருக்கிறதா என்பதைக் கருப்பைக்குள் சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

ஐ.வீ.எஃப். பிறந்தது இந்தக் குழாய்க்காகத்தான். குழாய்க்குள் நடக்க வேண்டிய அந்தச் சில நாட்களை உடலுக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் நடத்திக் காட்டினால் என்ன? கேட்பது சுலபம். முயல்களில் அதைச் செய்து குட்டி பிறக்க வைக்கவே 1959 வரை ஆயிற்று. அதைச் செய்தவர் அமெரிக்காவில் வேலை பார்த்த சீன விஞ்ஞானி மின் சூவே சாங். விந்தணு வெளிவந்த உடனேயே முட்டையைத் துளைக்கும் ஆற்றல் பெற்றிருப்பதில்லை, பெண்ணுடலுக்குள் சில மணித்தியாலம் இருந்த பிறகே அதைப் பெறுகிறது என்பதை 1951இல் அவரும் ஒஸ்டின் என்பவரும் தனித்தனியே கண்டுபிடித்திருந்தார்கள். தட்டில் முன்பு நடந்த பல முயற்சிகள் ஏன் தோற்றன என்பது அப்போதுதான் புரிந்தது.

மனிதரில் அதைச் சாதித்தவர்கள் மூவர். கேம்பிரிட்ஜ் உடலியல் விஞ்ஞானி ரொபர்ட் எட்வர்ட்ஸ், ஓல்டம் நகர வைத்தியர் பற்றிக் ஸ்டெப்டோ, தாதியாகப் பயின்று ஆய்வுகூடப் பணிக்கு வந்த ஜீன் பர்டி. ஓல்டம் பருத்தி ஆலைகளின் ஊர். ஸ்டெப்டோ அங்கே ஓர் அரச ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லெப்பரஸ்கோப் கருவியைப் பிரித்தானியாவில் பரப்பியவர் அவர். அந்தக் கருவியால்தான் முட்டையை எடுத்தார்கள்.

1971இல் இவர்கள் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையிடம் பண உதவி கேட்டார்கள். சபை மறுத்தது. மறுத்ததன் பின்னணியில் இருந்த எண்ணங்களில் ஒன்று நாம் கவனிக்க வேண்டியது: உலகத்தின் பிரச்சினை மக்கள் பெருகுவதுதான், பிள்ளை இல்லாமை ஒரு பெரிய நோயல்ல. தோட்டத்து மக்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தனியார் நன்கொடையில் வேலை தொடர்ந்தது. நூறுக்கு மேற்பட்ட தோல்விகளுக்குப் பிறகு, 1978 ஜூலை 25 இரவு, ஓல்டம் பொது ஆஸ்பத்திரியில் லூயிஸ் பிறவுண் பிறந்தாள். எடை 2.6 கிலோ. தாய் லெஸ்லிக்கு இரண்டு குழாய்களும் அடைபட்டிருந்தன. ஒன்பது வருடம் காத்திருந்தவள். தந்தை ஜோன் இரயில்வேயில் லொறிச் சாரதி. உலகத்தின் முதல் ஐ.வீ.எஃப். குழந்தையைப் பெற்றவர்கள் அரண்மனைக்காரர்கள் அல்லர், கூலி உழைப்பில் வாழ்ந்தவர்கள். பிறந்த இடம் அரச ஆஸ்பத்திரி. இந்தச் சிகிச்சையை வசதியுள்ளவர்களின் ஆடம்பரமாக நினைக்கும் எவரும் இதை மறக்கக்கூடாது. எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தபோது மற்ற இருவரும் உயிரோடு இல்லை. பர்டி 39 வயதிலேயே புற்றுநோயால் இறந்துவிட்டார். நினைவுப் பலகையில் அவர் பெயரைச் சேர்க்கும்படி எட்வர்ட்ஸ் வற்புறுத்தியும் ஓல்டமில் முதலில் வைத்த பலகை அவரை விட்டுவிட்டது.

லூயிஸ் பிறந்து 70 நாட்களில், 1978 அக்டோபர் 3இல், கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்று செய்தித்தாள்கள் அழைத்த அந்தக் குழந்தை கனுப்பிரியா அகர்வால். அதைச் சாத்தியமாக்கியவர் சுபாஷ் முகோபாத்யாய். இவரிடம் பெரிய ஆய்வுகூடம் இல்லை, சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியும் கூடச் சில உபகரணங்களுமே இருந்தன. என்றாலும் வழிமுறையில் ஓல்டமைவிட இவர் முன்னே போனார் என்பது என் முடிவு. காரணத்தைச் சொல்கிறேன்.

ஓமோன் ஊசி போட்டால் ஒரு மாதத்தில் ஒன்றுக்குப் பதிலாகப் பல முட்டைகள் முதிரும். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் அந்த ஓமோன் நிறைய இருக்கிறது. இத்தாலியக் கன்னியர் மடங்களின் முதிய அருட்சகோதரிகளிடமிருந்து சிறுநீர் சேகரித்து மருந்து வடித்தெடுத்தார்கள். அந்த மருந்தால் 1962இல் இஸ்ரேலில் முதல் குழந்தை பிறந்தது. எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் அதை முயன்றார்கள். முட்டைகள் கிடைத்தன, ஆனால் ஊசியால் கருப்பையின் உட்சுவர் குழம்பி முளையம் பதியவில்லை. கடைசியில் ஊசியைக் கைவிட்டு, இயற்கையாக முதிரும் ஒரே ஒரு முட்டையை எடுத்துத்தான் லூயிஸை உருவாக்கினார்கள். முகோபாத்யாய் ஊசியைக் கைவிடவில்லை. பல முட்டைகள் எடுத்து, முளையத்தை உறைய வைத்து, 53 நாட்கள் கழித்து, கருப்பை இயல்புக்குத் திரும்பிய வேறொரு மாதத்தில் உள்ளே வைத்தார். முட்டையை வயிற்றைத் துளைத்து எடுக்காமல் யோனி வழியாக எடுத்தார். இன்று உலகம் முழுவதும் செய்வது ஏறத்தாழ இதைத்தான்.

அரசு அமைத்த விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. வெளிநாடு போய் ஆய்வைச் சொல்ல அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் கண் வைத்தியத் துறைக்கு மாற்றினார்கள். அந்த வருடம் ஜூன் 19 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையின் கே.ஈ.எம். மாநகராட்சி ஆஸ்பத்திரியில் இந்திரா ஹிந்துஜாவும் டி. சி. ஆனந்த் குமாரும் உருவாக்கிய ஹர்ஷாவே இந்தியாவின் முதல் ஐ.வீ.எஃப். குழந்தை என்று அறிவிக்கப்பட்டாள். பதினொரு வருடம் கழித்து, 1997இல், முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்த ஆனந்த் குமார், முதலிடம் தனக்கு உரியதல்ல, அவருக்கே உரியது என்று எழுதினார். அறிவியலில் இப்படிப்பட்ட நேர்மை அரிது. மும்பையிலும் அது நடந்தது பொது ஆஸ்பத்திரியில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஸ்பிரிங்வெளிக்குத் திரும்புவோம். தோட்டத்தின் ஒரு டிவிசனில் வாழும் சோடி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அவளுக்கு 31 வயது, கொழுந்து எடுக்கிறாள். அவன் பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். பரிசோதனைகள் முடிந்து, இரண்டு குழாய்களும் அடைப்பு என்று தெரிந்துவிட்டது. ஐ.வீ.எஃப். தவிர வேறு நல்ல வழி இல்லை. என்ன நடக்கும்?

மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஊசி தொடங்கும். நாளொன்றுக்கு ஒன்றாகப் பத்து நாளளவு. வயிற்றுத் தோலுக்கடியில் போடும் சிறிய ஊசி. கற்றுக்கொடுத்தால் அவளே போட்டுக்கொள்ளலாம், கணவனும் போட்டுவிடலாம். முட்டைகள் முதிருமுன் தாமாக வெளியேறிவிடாமல் தடுக்க இன்னோர் ஊசி இடையில் சேரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து, முட்டைப்பைகள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று அளப்பார்கள். போதிய அளவு வந்ததும் கடைசி ஊசி. அதன் நேரம் நிமிடக் கணக்கில் முக்கியம், ஏனென்றால் அது போட்டு 34 முதல் 36 மணித்தியாலத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். பிந்தினால் முட்டைகள் வயிற்றுக்குள் சிதறிப்போகும். மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அன்றே கணவன் விந்து கொடுப்பான்.

முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. உடலிலுள்ள கலங்களில் மிகப் பெரியது அதுதான், கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். தட்டில் ஒவ்வொரு முட்டையையும் சுற்றிப் பல்லாயிரம் விந்தணுக்களை விடுவார்கள். விந்தணு மிகக் குறைவென்றால் ஒரே ஒன்றைத் தெரிந்தெடுத்து நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்துவார்கள். இக்ஸி எனப்படும் இந்த முறை பிரசெல்ஸில் உருவானது. 1992இல் முதல் குழந்தை பிறந்தது. அதற்கு முன் தகப்பனாகவே முடியாது என்று அனுப்பப்பட்ட ஆண்களுக்கு அன்றுதான் வழி திறந்தது. தட்டுகள் 37 பாகை வெப்பத்தில், நூற்றுக்கு ஐந்து ஆறு பங்கு காபனீரொட்சைட்டு கலந்த காற்றில் இருக்கும். மறுநாள் காலை கருக்கட்டியதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் நாள் எட்டுக் கலம். ஐந்தாம் நாள் நூறு கலத்துக்கு மேல், நடுவே நீர் நிறைந்த உருண்டை. பிள்ளையாகப் போகும் கலங்களும் நஞ்சுக்கொடியாகப் போகும் கலங்களும் அப்போதே தனித்தனியே தெரியும்.

இந்த ஐந்து நாட்களில் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். பல பெண்கள் இங்கேதான் உடைந்துபோகிறார்கள், ஆகவே முன்னமே தெரிந்திருக்க வேண்டும். பத்து முட்டை எடுத்தால் எட்டு முதிர்ந்திருக்கலாம், அவற்றில் ஆறு கருக்கட்டலாம், ஐந்தாம் நாள்வரை வருவது இரண்டோ மூன்றோ. நூறு கிலோ பச்சைக் கொழுந்து ஸ்டோருக்குப் போனால் இருபதுக்குச் சற்று மேற்பட்ட கிலோ தூள்தான் வெளியே வருகிறது. அதை யாரும் நட்டம் என்று சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான், அவள் செய்த தவறு எதனாலும் அல்ல. இயற்கையாகக் கரு உண்டாகும்போதும் பெரும்பகுதி இப்படியே யாருக்கும் தெரியாமல் அழிகிறது.

நல்ல முளையம் ஒன்றை மெல்லிய குழாயில் ஏற்றிக் கருப்பைக்குள் வைப்பார்கள். மயக்க மருந்து தேவையில்லை. மீதியைத் திரவ நைதரசனில், மைனஸ் 196 பாகையில் உறைய வைக்கலாம். சில நிலையங்கள் இரண்டு மூன்றை ஒன்றாக வைத்துவிடுகின்றன. வாய்ப்புக் கூடும் என்று சோடிகளே கேட்பதும் உண்டு. இரட்டையோ மூன்றோ தங்கினால் குறைமாதப் பிரசவமும் எடைக்குறைவும் தாய்க்கு இரத்த அழுத்தமும் வரும் அபாயம் பெரிதாகக் கூடும். இரத்தசோகை பரவலாக உள்ள தோட்டப் பகுதியில் ஒன்றே போதும் என்று சொல்லும் வைத்தியரைத்தான் நான் நம்புவேன்.

பிறகு இரண்டு வாரக் காத்திருப்பு. படுக்கையிலேயே கிடக்க வேண்டுமா? வேண்டியதில்லை, கிடப்பதால் பயன் இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் முட்டை எடுத்த பின் சூலகங்கள் வீங்கியிருக்கும். அந்த நாட்களில் கொழுந்துச் சுமையோடு மலை ஏறி இறங்கினால் சூலகம் முறுக்கிக்கொள்ளக்கூடும். வயிறு சட்டென்று உப்பி, வாந்தி வந்து, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் அது ஓமோன் ஊசிக்கு உடல் மிகையாகப் பதில் சொல்வதன் அறிகுறி. விடியட்டும் என்று லயத்தில் காத்திருக்கக்கூடாது, இரவானாலும் ஆட்டோ பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இவ்வளவும் செய்து பலன் எவ்வளவு? சிறந்த நிலையங்களில், 35 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு, வைக்கப்படும் ஒரு முளையத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. நாற்பதைத் தாண்டினால் மிகவும் குறைந்துவிடும், ஏனென்றால் பெண் பிறக்கும்போதே கொண்டுவரும் முட்டைகளுக்கும் அவளோடு சேர்ந்து வயதாகிறது. அறுபது எழுபது வீதம் வெற்றி என்று விளம்பரம் செய்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை வயதுப் பெண்களுக்கு, தங்கிய கருவா, கையில் கிடைத்த பிள்ளையா? கருப்பையின் உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாகப் பதியும் என்று சொல்லி வருடக்கணக்காகப் பணம் வாங்கினார்கள். 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்று அதனால் பயனில்லை என்று காட்டியது. இப்படிப்பட்ட மேலதிகச் சேவைகள் பட்டியலில் வரும்போது, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

பிறக்கும் பிள்ளை சாதாரணப் பிள்ளையாக இருக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உலகில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இப்படிப் பிறந்துவிட்டார்கள். லூயிஸுக்கும், பின்னர் அதே முறையில் பிறந்த தங்கை நட்டலிக்கும் இயற்கையாகவே பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள்.

இப்போது அந்த எண்ணத்துக்கு வருகிறேன், பிள்ளை இல்லாமை ஒரு பெரிய நோயல்ல என்ற எண்ணத்துக்கு. 1980இல் இலங்கை அரசு கருத்தடை ஒப்பரேஷன் செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. தோட்டங்களில் அந்தத் திட்டம் ஆழமாக இறங்கியது. பெண்களின் நிரந்தரக் கருத்தடை நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டங்களில் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தோட்டத்துப் பெண்ணின் கருப்பையைப் பற்றி யோசித்தவர்கள் அதை மூடுவது பற்றியே பெரும்பாலும் யோசித்தார்கள். இரண்டு பிள்ளையோடு எல்.ஆர்.டி. என்னும் குழாய் கட்டும் ஒப்பரேஷனைச் செய்த ஒரு தாய் பிற்காலத்தில் பிள்ளையை இழந்தால்? 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது இதே ஊவாவில்தான். 2004 சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டு அரசு, பிள்ளைகளைப் பறிகொடுத்த கடற்கரைத் தாய்மாருக்குக் கட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் ஒப்பரேஷனை இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தது. இணைக்க முடியாத குழாய்க்கு ஐ.வீ.எஃப். இருக்கிறது. மூடுவதற்குப் பணம் கொடுத்த அரசுக்குத் திறப்பதிலும் கடமை உண்டு.

ஆனால் ஐ.வீ.எஃப். ஸ்பிரிங்வெளியிலிருந்து வெகுதூரம். இலங்கையின் நிலையங்களில் பெரும்பாலானவை தனியாருடையவை, கொழும்பிலும் அதைச் சுற்றியும் இருப்பவை. பதுளையிலிருந்து சாலை வழியாக 230 கிலோமீற்றர். இரண்டு வாரத்துக்குள் ஐந்தாறு தடவை அங்கே நிற்க வேண்டும். தெரிந்தவர் வீட்டில் தங்கினாலன்றி முடியாது. ஒரு சுற்றுக்குப் பல இலட்சம் ரூபாய். 2024 செப்டெம்பரில் வர்த்தமானி நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு இலட்சத்துக்கு, ஒரு சதமும் செலவழிக்காமல், 75 நாள் வேலை செய்ய வேண்டியிருந்தது. நகையை அடகு வைத்து, சீட்டை எடுத்து, ஒருமுறை முயன்று தோற்ற சோடிக்கு இரண்டாம் முறை என்பது கடன் மட்டுமே.

இந்தச் செலவு விதியல்ல. பெல்ஜியத்தில் வில்லெம் ஒம்பெலெற் என்ற வைத்தியர் ஏழை நாடுகளுக்கென்று ஒரு முறையை அமெரிக்க விஞ்ஞானி ஜொனதன் வான் பிளேர்கொமோடு சேர்ந்து உருவாக்கினார். விலையுயர்ந்த வாயு இயந்திரத்துக்குப் பதில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் எலுமிச்சையிலுள்ள சித்திரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேர்ந்து காபனீரொட்சைட்டைக் கொடுக்கும். அது மற்றக் குழாயிலிருக்கும் முளையத்தைச் சூழும். 2012இல் அந்த முறையில் குழந்தைகள் பிறந்தன. முளையங்களின் தரம் வழக்கமான ஆய்வுகூடத்தினதற்கு ஈடாக இருந்ததை 2014இல் ஆய்வாக வெளியிட்டார்கள். சென்னை எழும்பூர் அரச மகப்பேற்று வைத்தியசாலையில் அரசே கருத்தரிப்பு மையம் அமைத்திருக்கிறது. இலங்கையிலும் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடம் இந்தப் பணியில் இறங்கியிருக்கிறது. ஊவாவுக்கு முழு ஆய்வுகூடம் உடனே வராவிட்டாலும், ஊசியும் ஸ்கேனும் பதுளையில் நடந்து, முட்டை எடுக்கவும் முளையம் வைக்கவும் மட்டும் வெளியூர் போகும்படி செய்யலாம். ஆறு பயணம் இரண்டாகக் குறையும். இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

அதுவரை செய்யக்கூடியதைச் செய்யுங்கள். உங்கள் டிவிசனுக்கு வரும் மருத்துவமாது கருத்தடைக்கு மட்டுமல்ல, பிள்ளை தங்காத சோடியைக் கிளினிக்குக்கு அனுப்பவும் பொறுப்புள்ளவர், அவரிடம் சொல்லுங்கள். பதுளை ஆஸ்பத்திரியின் பெண்நோயியல் கிளினிக்கில் கட்டணம் இல்லை. மாதவிடாய்த் தேதிகளை ஆறு மாதத்துக்கு எழுதிக் கொண்டுபோங்கள், பழைய ரிப்போர்ட்டுகளையும். 35ஐ நெருங்கியிருந்தால் அடுத்த திருவிழா போகட்டும் என்று தள்ளாதீர்கள். மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் அவளிடம் கேட்பதை நிறுத்தட்டும். கணவன்மாரே, முதல் பரிசோதனை உங்களுடையது. அடுத்த கிளினிக் நாளுக்கு அவளோடு நீங்களும் போங்கள்.